பார்த்தாலே தெரியும்

"இந்தப் பையனை நான் சேர்த்துக்க முடியாதும்மா. பார்த்தாலே தெரியுது."

தலைமை ஆசிரியர் பழனிக்குமார் சொல்லி முடிப்பதற்குள் அனீஸ் மேசை மணியை மறுபடியும் அடித்துவிட்டான். அடுத்து உலக உருண்டையைச் சுழற்றிவிட்டு, "சார், உங்க சேரும் சுத்துமா?" என்றான்.

தாஹிரா அசையவில்லை. "போன்லயே சொன்னேன்ல சார். என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கு. மறைச்சுக் கூட்டி வரல."

"இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கு. அங்க போங்க."

"அதை நாங்க முடிவு பண்ணிக்கிறோம். சட்டப்படி நீங்க சேர்க்கணும்."

"என்ன சட்டம்?"

"மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2016லயே வந்துருச்சு."

பழனிக்குமார் சிரித்தார். "கை காலு நல்லா இருக்குற பயலுக்கு அந்தச் சட்டமா?"

"கை காலுக்கு மட்டும் இல்ல சார் அது. ஆட்டிசத்தைப் பேர் போட்டே எழுதிருக்கு. அடுத்தவங்களோட பேசிப் பழகச் சிரமப்படுறது, ஒண்ணையே திரும்பத் திரும்பச் செய்யுறது, எல்லாம் அதுல இருக்கு."

"அதான் மணியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறானே."

"உங்க வாசல் போர்டுல 'அரசு அங்கீகாரம் பெற்றது'ன்னு போட்டிருக்கீங்க. அங்கீகாரம் வாங்கின ஸ்கூல் வேறுபாடு பார்க்கக் கூடாது." கைப்பையிலிருந்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்தாள். "அரசு டாக்டருக பார்த்துக் குடுத்தது. ஒருதரம் பாருங்க."

அவர் கையை நீட்டி மறித்தார். "அட்டை எதுக்கும்மா? எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவன் நான்."

தாஹிரா அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அனீஸ் மேசைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தான். அவனோடு இரட்டையாகப் பிறந்த சேக் பரீது மட்டும் பெஞ்சின் ஓரத்தில், கைகளை மடியில் கோத்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, உன் பேரு என்ன?" என்றார் பழனிக்குமார்.

"சேக் பரீது, அத்தா பேரு நாசர், பேகம்பூர், பள்ளிவாசல் பின்னாடி, பச்சைக் கேட் வீடு."

அவர் முகம் மலர்ந்தது. "பேரு கேட்டா விலாசம் வரைக்கும் சொல்றான். பெரியவங்களை நிமிந்து பார்க்கலையே, கவனிச்சீங்களா? அம்புட்டு மரியாதை. கூடப் பொறந்தவன் எப்படி இருக்கான், இவன் எப்படி இருக்கான். இவனை வேணா இப்பவே சேர்த்துக்கிறேன்."

"நெசமாவா சார்?"

"சொன்னா சொன்னதுதான்."

"பெறகு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் வாக்கு மாறுற ஆளு இல்லம்மா. ரீனா, இவனுக்கு ஒண்ணாப்புல அட்மிஷன் போடுங்க."

பக்கத்து மேசையில் இருந்த எழுத்தர் ரீனா பதிவை முடித்து, ரசீதில் முத்திரை குத்தி நீட்டினார். தாஹிரா அதை வாங்கிப் பத்திரமாக வைத்தாள்.

பழனிக்குமார் அனீஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இவன் விஷயத்துல மட்டும் பிடிவாதம் பிடிக்காதீங்க. சட்டம் என்ன வேணா சொல்லட்டும். நான் இந்த நாற்காலியில இருக்குற வரைக்கும் ஆட்டிசப் பிள்ளை இந்த ஸ்கூலுக்குள்ள வர முடியாது."

"வந்துட்டான் சார்." தாஹிரா எழுந்து அட்டையை மேசைமேல் வைத்தாள். "அனீஸ் வேற ஸ்கூல்ல படிக்கிறான். அங்க அவனை எடுத்துக்கிட்டு சேக் பரீதை வேணாம்னுட்டாங்க. அவன் பக்கத்துல இருந்தாத்தான் இவன் பஸ்ல ஏறுவான், அதான் லீவு போட்டுக் கூட்டியாந்தேன். இனி இவனை வெளிய அனுப்பணும்னா காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்க காட்டணுமோ அங்க காட்டிக்கிறேன்."

பழனிக்குமார் அவசரமாகப் பெஞ்சுப் பக்கம் குனிந்தார். "தம்பி... காலையில சாப்டியாப்பா?"

தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சேக் பரீது சொன்னான்: "சேக் பரீது, அத்தா பேரு நாசர், பேகம்பூர், பள்ளிவாசல் பின்னாடி, பச்சைக் கேட் வீடு."