ஐந்து முதுகுகள்

இயக்குநர் தன் மனைவியின் முதுகுகளை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி மேசைமேல் வைத்தார்.

மொத்தம் ஐந்து. படத்துக்கு ஒன்று. எல்லாம் பிளாஸ்டரில் வார்த்தவை.

தோல் பிளக்கும், எலும்பு முளைக்கும், பார்க்கிறவனுக்குக் குடலைப் புரட்டும். அவர் படம் என்றாலே அப்படித்தான். அந்தப் பாழாய்ப்போன உடம்புகள் அத்தனையும் இவள் முதுகில் அச்செடுத்துச் செய்தவை. வேறு எவள் மணிக்கணக்கில் அசையாமல் குப்புறக் கிடப்பாள்?

அவள் தோள்பட்டைக்குக் கீழே இருந்த கறுப்புக் கட்டியைப் பார்த்துவிட்டு, இன்று காலை மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இது எத்தனை நாளாக இருக்கிறது? ஒரு வருடத்துக்குள் என்றால் வெட்டி எடுத்துவிடலாம். பழசு என்றால் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று தேட வேண்டும்.

தன் முதுகைத் தானே யார் பார்க்கிறார்கள்? அவளுக்குத் தெரியவில்லை. இவருக்குத்தான் அச்சுகள் ஞாபகம் வந்தன.

போன வருடத்து முதுகில் கட்டி இருந்தது, பட்டாணி அளவுக்கு. சரி, ஒரு வருடம்தானே.

அதற்கு முந்தைய படத்து முதுகிலும் இருந்தது. மிளகு அளவு.

ஆனால் இது மேக்கப்மேன் களிமண்ணில் ஒட்டிய கட்டியாயிற்றே! இது பிளக்கும் காட்சியில்தானே தியேட்டரே அலறியது, இவர் பெயரும் ஊரெல்லாம் அடிபட்டது? நகத்தால் சுரண்டினார். பெயரவே இல்லை.

மேக்கப்மேனுக்குப் போன் போட்டார்.

“நான் எதையும் ஒட்டலண்ணே. அச்செடுக்கும்போதே அண்ணி முதுகுல இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

போனை வைத்துவிட்டு, மூன்றாவது முதுகை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஆறு வருடம் பழையது. இதில் மட்டும் இருக்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னார்.

கடுகு அளவில் ஒரு புடைப்பு. அதைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம்.

“என்னங்க, எந்த வருஷம்னு தெரிஞ்சுதா?” வாசலில் நின்று மனைவி கேட்டாள்.

வட்டத்துக்குப் பக்கத்தில், மேக்கப்மேனுக்காக அவரே தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்:

‘பிரமாதமான யோசனை. படத்துக்குப் படம் இது வளரட்டும்.’