முதுகு காட்டிய நாற்காலி

படங்களில் அடிவாங்கியே பேர் வாங்கிய சிரிப்பு நடிகர் தாமோதரன் பேட்டி எடுக்கும் முதல் நிகழ்ச்சி அன்று, அதுவும் நேரலை. எதிரே, படகு கவிழ்ந்து கடலை நீந்திக் கரையேறிய மரியபுஷ்பம். தாமோதரன் கேள்வி கேட்க வாயைத் திறந்ததுமே அரங்கம் வெடித்துச் சிரித்தது.

மரியபுஷ்பத்தின் முகம் சுருங்கியது. "என்னயப் பாத்தா சிரிக்காங்க?"

"இல்லக்கா, என் மூஞ்சியப் பாத்து."

அவள் எழப்போனாள். தாமோதரன் சட்டென்று நாற்காலியைத் திருப்பிப்போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அண்ணே, முதுகுதான் தெரியுது!" காதுக்கருவியில் தயாரிப்பாளர் அலறினார். தாமோதரன் அந்தக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"இப்பச் சொல்லுங்கக்கா."

அவள் அவர் கண்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். அலை. கும்மிருட்டு. கைநழுவும் தம்பி.

பின்னால் கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. மேடையேறிய நாள்முதல் அவர் பயந்த அமைதி அது. இன்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார்: "தம்பிய விட்டுடாதீங்கம்மா!"