நாற்பதாவது முத்திரை

“குத்துங்கம்மா, முத்திரையை! கூட்டமே பார்த்துக்கிட்டு நிக்குது.”

மிஹாமா குன்றின் குடியிருப்போர் சங்கத் தலைவர் குராமோச்சி, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே காகிதத்தை நீட்டினார். செப்டம்பர் முதல் தேதி, சுனாமி ஒத்திகை. கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இருநூற்றுப் பதினான்கு படி ஏறி, உச்சியிலிருக்கும் பூங்காவுக்கு வந்து சேரவேண்டிய காலை.

வருடத்தில் இந்த ஒரு நாள்தான் குன்றுக்கு ஆள் ஏறும். மற்ற நாளெல்லாம் வீட்டைக் காலி செய்துகொண்டு இறங்குவதுதான். கடல் தெரிகிறது என்று ஐம்பது வருடத்துக்கு முன் ஓடிவந்து வீடு கட்டியவர்களுக்கு இப்போதும் கடல் நன்றாகத் தெரிகிறது. கால்தான் வரவில்லை.

நாற்பது வீட்டிலாவது ஆள் நிலைக்காவிட்டால் மேலே வரும் பேருந்தை நிறுத்திவிடுவோம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. உடனே தலைவர் ஒரு உறுதிமொழி எழுதினார்: ‘பத்து வருடத்துக்குக் குன்றை விட்டு இறங்க மாட்டேன்.’ அங்கெல்லாம் கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் பொறித்த முத்திரைதான்; முப்பத்தொன்பது வீட்டு முத்திரை விழுந்தாயிற்று. முதல் முத்திரை, மற்ற எல்லாவற்றையும்விடச் சிவப்பாக, தலைவருடையது. காகிதத்தை வாங்கிப்போக வந்த அதிகாரி பெஞ்சில் காத்திருந்தாள்.

மிச்சம் ஷினோமியா அம்மாள் ஒருத்திதான். எண்பத்தொரு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. கடலோரத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் வீடு பார்த்துவிட்டாள், நாளைக்கு ஒப்பந்தம். இந்தக் காகிதத்தில் முத்திரை விழுந்தால் அந்த வீடு போச்சு.

“எனக்கு முடியலை, தலைவரே. பஸ்ஸை விட்டு இறங்கினா என் வீட்டுக்கு இன்னும் அறுபது படி. பாதியில உட்கார்ந்து அழறேன்.”

“முட்டி எல்லாருக்கும்தான் வலிக்குது. எனக்கு எழுபத்தாறு. நான் போனேனா? என் கட்டை இந்தக் குன்னுலதான் வேகும். லிஃப்டைக் கண்டதும் பல்லை இளிச்சுக்கிட்டு ஓடறவங்களுக்குப் பேரு என்ன தெரியுமா? புறமுதுகு காட்டறவங்க!”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பேச்சில் தலைவரை அடிக்க ஆளில்லை. உழைப்பிலும்தான். தினமும் விடிந்தும் விடியாததுமாகப் பூங்காவில் முதல் ஆளாக நிற்பார், கழுத்துத் துண்டு நனைந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. “அஞ்சு வீடு தள்ளி இருந்து வரதுக்கா இந்த இளைப்பு?” என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, “குன்னையே ஒரு சுத்து சுத்திட்டு வரேன்யா. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே” என்றார்.

கீழேயிருந்து வந்தவர்கள் நாக்குத் தள்ளிப் புல்லில் சாய்ந்துகிடந்தார்கள். அந்த லிஃப்ட் அடுக்குமாடியின் காப்பாளர் எபினா, ஒலிபெருக்கியில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னால் அந்தரங்கம் கெட்டுவிடும் என்று குடியிருப்போர் சண்டைக்கு வருவார்களாம். அதனால் வீட்டு எண் மட்டும். ஒரு தலை குறைந்தாலும் ஒத்திகை முடியாது, சோற்றுப் பொட்டலம் கிடைக்காது.

“எழுநூத்தி ரெண்டு! ஏப்ரல்ல குடிவந்த எழுநூத்தி ரெண்டு! காலையிலேயே கதவைத் தட்டினேன், ஆளைக் காணோம். ஒத்திகைக் கணக்குப்படி நீங்க இப்போ செத்தாச்சுங்க!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. தலைக்கவசத்தைப் புருவம்வரை இறக்கிக்கொண்டார்.

“பார்த்தீங்களாம்மா, லிஃப்ட்ல போறவங்க லட்சணத்தை! பக்கத்து வீட்டுல ஆள் இருக்கா செத்தாச்சான்னு தெரியாது. அங்க போயா குடியிருக்கப் போறீங்க? சீக்கிரம் குத்துங்க, அதிகாரிக்கு நேரமாகுது.”

ஷினோமியா அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்ப்பேச்சுக்குப் பயந்தே காலம் தள்ளியவள், பாவம். பையிலிருந்து முத்திரையை எடுத்தாள், சிவப்பு மையில் ஒற்றினாள். புது வீட்டுக்கென்று வாங்கி வைத்த திரைச்சீலையை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

“எழுநூத்தி ரெண்டு! பசிக்குதுங்க எல்லாருக்கும்!” எபினாவின் குரல் நெருங்கி வந்தது.

“குத்துங்கம்மா!” தலைவரின் குரல் ஏனோ கீச்சிட்டது.

எபினா பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தார். போகிற போக்கில் அந்தத் தலைக்கவசத்துக்குள் குனிந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். முகமெல்லாம் பல். ஷினோமியா அம்மாளின் முத்திரை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

ஒலிபெருக்கியை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவர் கத்தியது குன்றின் மேலும் கேட்டது, கீழே கடற்கரை வரைக்கும் கேட்டது.

“அட, இங்கேயா நிக்கறீங்க குராமோச்சி ஐயா! எழுநூத்தி ரெண்டு கிடைச்சாச்சு, சோறு போடுங்கப்பா!”