இரும்புக்கு நிக்குமா?

"எங்க பையனுக்கு வலிப்பெல்லாம் கெடையாதுங்க. போதை மாத்திரை போடுவான், அவ்ளோதான்."

தணிகாசலம் இதைச் சொல்லிவிட்டு, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார்.

எதிரே இருந்த கங்கம்மாள் நம்பவில்லை. நிச்சயம் முடிந்த நாளிலிருந்து போனில் வாய் ஓயாமல் 'சம்பந்தி, சம்பந்தி' என்றவள் அவள். இன்று பொதட்டூர்பேட்டையிலிருந்து மகன் மதிவாணனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து இறங்கியதிலிருந்து, அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை.

"பொண்ணோட அண்ணன் கம்பி மில்லுல நுரை தள்ளி வுழுந்தான்னு எங்க ஊரு வரைக்கும் பேச்சு வந்துடுச்சி. வலிப்பு வம்சத்துல வரும். நாளைக்கு என் பேரப்புள்ளைக்கு வந்தா யாரு பாக்குறது? வேணாங்க. இத்தோட வுட்டுடலாம்."

"பத்திரிகை அடிச்சாச்சேம்மா. சத்தியமா போதைதாம்மா. டேய் தீனா, நீயே சொல்றா."

சுவரோரம் நின்ற தீனா தலையைச் சொறிந்தான். மில்லில் பழுத்த கம்பியை இடுக்கி போட்டு இழுக்கிற வேலை அவனுக்கு.

"ஆமா அத்தை. முதுகு வலி மாத்திரை. மொதல்ல வலிக்குப் போட்டேன். அப்பறம் வலி இல்லாதப்பவும் போட்டேன். போட்டா அப்டியே மெதக்குற மாதிரி இருக்கும்."

"எத்தினி போடுவ?"

"நாலு."

"ஆறுன்னு சொல்லேண்டா" என்று தணிகாசலம் பல்லைக் கடித்தார்.

சமையலறை வாசலில் டம்ளர்களோடு நின்ற கல்யாணப்பெண் சத்யா பொறுக்க முடியாமல், "யப்பா, இதுக்கு மேல மானம் போவணுமா?" என்றாள்.

"நீ சும்மா இரும்மா. உனக்காகத்தான் பேசிக்கினு கீறேன்."

தணிகாசலம் ஒரு சாட்சியையும் தயாராக வைத்திருந்தார். தீனாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் சின்னதுரை, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான்.

"தைரியமா பொண்ணு எடுக்கலாம்க்கா. இவன மாதிரி மாத்திரை போடுறவன் எங்க ஷிப்ட்லயே கெடையாது. நாங்க எவ்ளோ பேரு சொல்லிப் பாத்தோம், கேக்கவே மாட்டான்."

தணிகாசலம் அவனை நன்றியோடு பார்த்தார்.

கங்கம்மாள் விடுவதாக இல்லை. "வுழுறதுக்கு முன்னாடி கண்ணு மேல சொருகிக்கிச்சா?"

"ஆமாக்கா."

"கழுத்து ஒரு பக்கமா திருகிக்கினு போச்சா? நாக்கைக் கடிச்சிக்கினானா? தெளிஞ்சதும் எங்க கீறோம்னே தெரியாம முழிச்சானா?"

"கூட இருந்து பாத்த மாதிரியே சொல்றீங்களேக்கா."

"கையில இரும்பு குடுத்தீங்களா?"

"ஸ்பேனர் குடுத்தோம். அத்தோட உதறுனதுல சூப்பர்வைசருக்கு பல்லு ஒண்ணு போச்சு."

"குடுத்ததும் நின்னுச்சா?"

"கொஞ்ச நேரத்துல நின்னுச்சுக்கா."

கங்கம்மாள் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? போதைன்னா இரும்புக்கு நிக்குமா? எலுமிச்சம்பழத்துக்குத்தான நிக்கும்? வா நைனா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மதிவாணன் பாதி எழுந்துவிட்டான். தணிகாசலம் குறுக்கே வந்து நின்றார்.

"யம்மா, அது கம்பி மில்லு. அங்க எவன் எதுக்கு வுழுந்தாலும் இரும்பு மேலதான் வுழுவான். இரும்புக்கு அடங்குறதா இருந்தா, அவனுக்கு அங்க வந்தே இருக்கக் கூடாதே?"

எழுந்துவிட்ட கங்கம்மாள் மெல்ல உட்கார்ந்தாள்.

தீனாதான் பேசினான். "அது இரும்புக்கு நிக்கல அத்தை, தானா நின்னுது. ஆஸ்பத்திரில தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. உனக்கு வலிப்பு நோயே இல்லடா, அந்த மாத்திரைதான் வலிப்பை இழுத்துக்கினு வருதுன்னாரு டாக்டரு. பொறந்ததுல இருந்து வராதவனுக்கும் வருமாம். வுடலன்னா ஒரு நாளு வந்தது நிக்காமலே போயிடும்னாரு. அவரு சொன்னபடி வுட்டுக்கினு இருக்கேன்."

"ரெண்டு போட்டாலும் வருமா?"

கேட்டது மதிவாணன். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஒண்ணுக்கே வரலாம் மாமா. ஆளுக்கு ஆளு மாறுமாம்."

கங்கம்மாள் மகனைப் பார்த்தாள். கத்திரி வெயிலில் முதுகெல்லாம் நனைந்திருந்தும் அவன் முழுக்கைச் சட்டையின் பொத்தானை இன்னும் கழற்றவில்லை. அவன் வலது கையைப் பிடித்து மடியில் இழுத்து, பொத்தானை அவளே கழற்றி, கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு சுற்றிய கனத்த இரும்புக் காப்பு.

"இதப் போட்டுக்கினும் திரும்பத் திரும்ப வுழுந்தியேடா" என்றாள், காப்பைத் தடவிக்கொண்டே.

மதிவாணன் தரையைப் பார்த்தபடி, "ரெண்டு ரெண்டுதாம்மா போடுவேன்" என்றான்.

கங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"சம்பந்தி, எங்க பையனுக்கும் வலிப்பெல்லாம் கெடையாதுங்க."