குமிழி எண்ணும் அம்மா

முதல் மணி அடித்து முடிப்பதற்குள் அம்மா போனை எடுத்தாள்.

“போன் மேலயே உட்கார்ந்திருந்தியாம்மா? குமிழி மறுபடி வேகமா வருது, என் போன்ல காட்டுது. திருகைக் கொஞ்சம் குறை.”

வெளிநாடு போன மகன் வீட்டில் விட்டுச்சென்ற, உயிருள்ள பவளங்கள் வளரும் கண்ணாடித் தொட்டி அது. பவளங்களுக்குக் கால்சியம் கரைத்து ஊட்டும் கருவியில் வாயுக் குமிழிகள் சீராக வர வேண்டும்; வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கைத்திருகு. தப்பினால் அத்தனையும் செத்துப்போகும்.

“குறைச்சுட்டேன்டா. சாப்பிட்டியா?”

“ஆச்சு. தினம் உனக்கு இதே ரோதனை. நாளைக்கு ஆள் அனுப்புறேன்.”

மறுநாள் வந்த மெக்கானிக் தானியங்கிக் கருவியைப் பொருத்திவிட்டு, பழைய திருகைக் கழற்றிப் பையில் போட்டார்.

“அவசரத்துக்கு அது இருக்கட்டுமே தம்பி.”

“எதுக்கும்மா? இனி தானே சரிபண்ணிக்கும். பிள்ளை உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவே பண்ண மாட்டார். நிம்மதியா இருங்க.”

அவர் போனதும் அம்மா தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். குமிழிகள் கச்சிதமாக ஏறின.

அவள் கூப்பிட்டால் எடுக்காதவன், குமிழி தப்பினால் உடனே கூப்பிடுவான். அதற்காகத்தான் தினமும் மாலையில் அந்தத் திருகை அவளே கொஞ்சம் திருப்பி வைப்பாள்.

திருகு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று மூடியிருந்தது.