தம்பி எடுத்த தண்ணீர்

"கதவைத் திறக்காதீங்க, சொல்லிட்டேன்!" என்றாள் செல்லக்கிளி.

தோட்டத்துக் கம்பிக் கதவுக்கு வெளியே உக்கிரபாண்டி நின்றிருந்தார். அவள் கணவன் முத்துராமலிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன். பதினாலு வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். அவருக்குப் பின்னால் ஒரு வேன் நின்றது. அருப்புக்கோட்டை சபைக்காரர்கள் பத்துப் பேரும் பாஸ்டரும் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே முத்து, இன்னைக்கு எனக்கு ஞானஸ்நானம். ஒன் மோட்டார்த் தொட்டியில முழுகிக்கிறட்டுமாலே?"

முத்துராமலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பின்னே? சொத்துப் பிரித்தபோது சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கிணறு தம்பிக்கு விழுந்தது. "தண்ணி ரெண்டு பேருக்கும்தாண்ணே" என்று தம்பியே அண்ணன் நிலத்துக்குக் குழாய் இழுத்துவிட்டான். அண்ணன் அந்தக் குழாயை அரிவாளால் கண்டதுண்டமாக வெட்டினார். ஊரே கூடி நிற்க, ஒரு வார்த்தையும் சொன்னார்.

"ஒன் கெணத்துத் தண்ணி என் ஒடம்புல படணும்னா, நான் செத்து, என்னையக் குளிப்பாட்ட நீ நீர்மாலை எடுக்கிற அன்னைக்குத்தான்டா!"

அதற்குப் பிறகு மழை பொய்த்து அவருடைய மிளகாய்ச் செடியெல்லாம் கருகிப்போனது. கருகட்டும் என்று விட்டாரே தவிர, தம்பியிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்கவில்லை. காரமெல்லாம் மிளகாயில் இல்லை, மனுசனிடம்தான் இருந்தது.

அப்படிப்பட்டவர் இன்று தொட்டியையே கேட்டு நிற்கிறார்.

"டவுனுச் சபையில தண்ணிக்கு வழி இருக்காது. அதான் தம்பி ஞாபகம் வந்திருக்கு" என்றாள் செல்லக்கிளி. "காரியம் ஆகணும்னா காலைப் பிடிக்கிற ஆளு! அன்னைக்கு வந்த ரோஷமெல்லாம் எங்க போச்சாம்?"

பழைய உக்கிரபாண்டியாக இருந்தால் கம்பிக் கதவே பிய்ந்து வந்திருக்கும். இப்போது அதற்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணே, ஊர் முன்னால அன்னைக்கு ஒண்ணு சொன்னீகளே. மறந்துபோச்சா?" என்றான் முத்துராமலிங்கம்.

"மறக்கலைலே. சொன்னதும் தப்பு, செஞ்சதும் தப்பு. என்னைய மன்னிச்சிரு."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கலெக்டர் வந்தபோதுகூட இறங்காத துண்டு அது.

"போன வருஷம் நெஞ்சுவலியில ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல? பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணாரு. 'ஏசு ஒங்களுக்காக அவமானப்பட்டாரு, அடிபட்டாரு, உசுரைக் குடுத்தாரு, உசுரோட எந்திரிச்சும் வந்தாரு'ன்னாரு. அம்புட்டுப் பெரியவரே எனக்காகத் தலை குனிஞ்சிருக்காரு. நான் கூடப்பொறந்தவன்கிட்டக் குனிய மாட்டேன்னு திரிஞ்சிருக்கேனே! அன்னைக்குச் சின்னப்புள்ள கணக்கா அழுதேன்லே. நெஞ்சுல கெடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிஞ்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு மறுபொறப்புலே, மறுபொறப்பு!"

அவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை முத்துராமலிங்கம் பார்த்ததே இல்லை. கம்பிக் கதவைப் படாரென்று திறந்தான்.

"மணி என்ன? பதினோரு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு போயிரும்! ஏ புள்ள, தொட்டியைக் கழுவு!" என்று கத்திக்கொண்டே மோட்டார் ரூமுக்கு ஓடினான்.

குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. சபைக்காரர்கள் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். தொட்டியில் தண்ணீர் முழங்கால் அளவு வந்திருக்கும், பட்டென்று மோட்டார் நின்றது. கரண்டு போய்விட்டது.

"இது போதுமா பாஸ்டர்?"

"உள்ள முழுகணுமேப்பா. பழைய மனுசன் செத்து, புது மனுசனா எந்திரிக்கிறதுதானே ஞானஸ்நானம்" என்று தயங்கினார் பாஸ்டர்.

முத்துராமலிங்கம் கிணற்றில் வாளியை இறக்கினான். இறைத்துக் குடத்தில் ஊற்றி, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினான். ஊற்றிவிட்டுத் திரும்பவும் ஓடினான். நாலாவது குடத்துக்கு அவன் வரும்போது செல்லக்கிளி ஒரு குடத்தோடு நின்றாள். பிறகு சபைக்காரர்களும் சேர்ந்துகொள்ள, கிணற்றடியே திருவிழாவானது. உக்கிரபாண்டி மட்டும் தம்பி தோளில் இருந்த குடத்தையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி நின்றார்.

இடுப்பளவு தண்ணீர் சேர்ந்ததும் இறங்கினார். பாஸ்டர் ஜெபம் சொல்லி அவரைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்.

"முத்து! ஒன் தண்ணி இனிக்குதுலே!" என்று கூவிக்கொண்டே எழுந்தார். தம்பி சட்டையோடு தொட்டிக்குள் குதித்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். இருவரும் மாறி மாறி அழுதார்கள், சிரித்தார்கள்.

செல்லக்கிளிக்கு மனசு கேட்கவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி பாஸ்டரிடம் வந்தாள்.

"பாஸ்டரய்யா, ஒங்க சபையில தண்ணி வசதி ஆகுற வரைக்கும் எல்லாரையும் இங்கயே கூட்டியாங்க. எங்க கெணறு வத்தாது."

பாஸ்டர் சிரித்தார்.

"சபையிலயே பெரிய தொட்டி இருக்கேம்மா. நேத்தே நெறைச்சு வச்சிட்டோம். இவர்தான், 'பழைய உக்கிரபாண்டி சாகணும்னா, என் தம்பி எடுத்த தண்ணியிலதான் சாகணும்'னு ஒத்தக்கால்ல நின்னாரு."