பேருந்துக்கு வழி விட்ட மதியம்
பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் தையற்காரியின் முதுகில் அறைகிறது. ஸ்கூட்டர் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. துரத்தும் வண்டிகளைப் பார்க்கப் பயந்து, கண்ணாடிகள் இரண்டையும் தன் முகத்துக்கே திருப்பி வைத்திருக்கிறாள். இரண்டிலும் வியர்த்த மூக்கும் மிரண்ட கண்களும். “ஓரங்கட்டுங்க அண்ணி, போறவன் போகட்டும்,” என்கிறாள் துணிமூட்டையைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருக்கும் நாத்தனார். சக்கரம் மண்ணில் இறங்கி நிற்கிறது. பேருந்து புழுதியை வாரி இறைத்துக்கொண்டு கடக்கிறது. தன் கால்கள் இரண்டும் தரையில் இருப்பதைத் தையற்காரி குனிந்து பார்த்துக்கொள்கிறாள். போன உயிர் திரும்பி வருகிறது. நாத்தனார் எட்டி வலப்பக்கக் கண்ணாடியைத் திருப்புகிறாள். “உங்க அழகை வீட்டுல போய்ப் பாத்துக்கலாம். இப்போ பின்னாடி யார் வர்றாங்கன்னு பாருங்க.” தையற்காரி கண்களை இறுக மூடிக்கொண்டு, பிறகு ஒன்றை மட்டும் மெல்லத் திறக்கிறாள். கண்ணாடிக்குள், வளைவு வரைக்கும் வெயில் மட்டும் நீட்டிப் படுத்திருக்கிறது. “யாருமே இல்லடி!”